ஜெபக்காரரின் பிள்ளை

கிள்ளானை அடுத்த பண்டமாரானில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், சபையிலிருந்து முதலில் போய்க் கட்டிலருகே நிற்கிறவர் சுகுமாறன்தான். துறைமுகக் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிற வேலை. வேலை முடிந்ததும் அழுக்குச் சட்டையைக்கூட மாற்றாமல் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். நோயாளி சபைக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவரே கேரி தீவுத் தோட்டத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, இருபத்து நான்காம் வயதில் ஞானஸ்நானம் எடுத்தவர். நல்ல கணீர்க் குரல். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் பக்கத்துக் கட்டில்காரர்களும் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஜெபக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. முடிக்கும்போது தவறாமல் ஒன்று சொல்வார்: "பயப்படாதீங்க, எழுந்திரிச்சிடுவாரு. ஆண்டவர் எனக்குக் காட்டிட்டாரு."

பெரும்பாலும் எழுந்தும் விட்டார்கள். எழாதவர்களின் வீட்டுப் பக்கம் அவர் அதிகம் போனதில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் அபிகாயில். ஐந்தாம் மாதத்தில் அவள் தலை மட்டும் பெரிதாகிக்கொண்டே போவதை முதலில் கவனித்தவள் அவர் மனைவி பியூலா. அவள் தைத்துப் போட்ட தொப்பி இரண்டு வாரத்தில் தலையில் ஏறவில்லை. பால் குடித்த கையோடு பீய்ச்சி அடித்து வாந்தி எடுத்தாள். கருவிழிகள் இரண்டும் கீழே சரிந்தே நின்றன.

"பிள்ளைக்கு என்னமோ சரியில்லங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுவோம்."

"ஜெபம் பண்ணியிருக்கேன்ல. பல்லு முளைக்கிற நேரம் லா, அப்படித்தான் இருக்கும்."

பத்து நாள் அவர் பிள்ளையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். பதினோராம் நாள் காலை பியூலா அவரிடம் கேட்கவில்லை. வேலை பார்க்கும் கப்பல் சரக்கு அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேன் எடுத்த அன்று மாலையே அம்புலன்சில் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியவர் டாக்டர் நுஸைபா. கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். தமிழிலேயே பேசினார்.

"மூளைக்குள்ள தண்ணி சுரக்கிற இடத்துல ஒரு கட்டி இருக்கு. அதனாலதான் தண்ணி சேர்ந்து தலை பெருசாகுது. பார்க்கிறதுக்குக் கேன்சர் மாதிரி இல்ல, நல்ல கட்டிதான். ஆப்பரேஷன் பண்ணி எடுக்கணும். ஆனா முழுக்க ரத்தக் குழாய்." மேசைமேல் இருந்த சின்ன மினரல் தண்ணீர் போத்தலை எடுத்து முன்னால் வைத்தார். "உங்க பிள்ளை உடம்புல உள்ள மொத்த ரத்தமே ஏறக்குறைய இவ்வளவுதான். இதுல பாதி போனாலே ஆபத்து. அதையும் சொல்லிட்டுத்தான் கையெழுத்து கேக்கணும்."

"மூணு நாள் டைம் கொடுங்க டாக்டர். உபவாச ஜெபம் இருந்துட்டு..."

"மூணு நாள் அவளுக்கு இருக்குமான்னு தெரியலண்ணே."

பியூலா பேனாவை எடுத்தாள். "பத்து நாள் கேட்டோம்ங்க. ஆண்டவரு நம்மள இங்க கொண்டாந்து விட்டிருக்காரு. எனக்கு இதுதான் பதில்." தாய் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் பிறந்ததிலிருந்தே சபையில் வளர்ந்தவள். அவள் சத்தமாக ஜெபித்து சுகுமாறன் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு அபியை உள்ளே கொண்டுபோனார்கள். மழித்த தலையில் பியூலா ஒரு முத்தம் வைத்தாள். சுகுமாறன் பிள்ளையின் காலைப் பிடித்தபடி கூடவே நடந்தார். நர்ஸ் மிஸி, "போதும் அப்பா, இங்கயே நில்லுங்க" என்றதும் விட்டார். கதவு மூடியது.

ஒன்பதரைக்கு பாஸ்டர் ஜெபராஜும் சபையார் ஐந்து பேரும் வந்தார்கள். காத்திருக்கும் கூடத்தின் ஓரத்தில் வட்டமாக நின்று கை கோத்தார்கள்.

"பிரதர், நீங்களே நடத்துங்க" என்றார் பாஸ்டர்.

சுகுமாறன் கண்ணை மூடினார். "பிதாவே" என்றார். அதற்கு மேல் வரவில்லை. வழக்கமாக எந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வார்த்தை என்று அவருக்குத் தெரியும். கடைசியில் அந்த வாக்கியத்தில் போய் நிற்கவேண்டும் என்பதும் தெரியும். அதை நினைத்ததும் கண்ணைத் திறந்துவிட்டார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். பாஸ்டரே தொடர்ந்து ஜெபித்து முடித்தார்.

"இங்க உக்காந்து என்ன செய்யப் போறீங்க பிரதர்? பிரிக்பீல்ட்ஸ் சபையில காலையிலேர்ந்து சங்கிலி ஜெபம் நடக்குது. பத்து நிமிஷத்துல போயிடலாம். பிள்ளை சுகமாயிடுச்சுன்னு விசுவாசிச்சிட்டோம். சாயங்காலம் வந்து பாத்துக்கலாம்."

சுகுமாறனுக்கு அந்தக் கூடத்தை விட்டு வெளியே போனால் போதும் என்றிருந்தது. எழுந்தார். பியூலாவைப் பார்த்தார். அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிப்ட் திறந்தபோது உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வெளியே வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் சாப்பாட்டுப் பை. அவரைக் கண்டதும் சுகுமாறன் நின்றுவிட்டார்.

சீதாலெட்சுமி. பண்டமாரானில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். போன வருடம் அவருடைய ஒரே மகன் லோகேஸ்வரன், பதினாறு வயது, டெங்கிக் காய்ச்சலில் கிடந்தான். சுகுமாறன் போய் ஜெபித்தார். வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். மறுநாள் விடியுமுன் பையன் போய்விட்டான். சாவு வீட்டில் கடைசி வரிசையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, அந்தத் தாயின் முகத்தைப் பார்க்காமலே திரும்பியவர் சுகுமாறன்.

"எங்க தம்பி போறீங்க?"

"சபைக்கு அக்கா. ஜெபம் பண்ண."

"பிள்ளை உள்ளதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப போகாதீங்க."

பாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னைக்கு நாலு நாளா நான் தூங்கல. நீங்க வந்து, நாளைக்கு எழுந்து உக்காந்துடுவான், வீட்டுக்குப் போய் குளிச்சிட்டுத் தூங்குங்க அக்கான்னு சொன்னீங்க. சாமி காரியம் சொல்ற ஆளு, பொய் சொல்ல மாட்டாருன்னு போனேன். அவன் போறப்ப அம்மா எங்கன்னு கேட்டிருக்கான். பக்கத்துக் கட்டிலு அங்கிள் சொன்னாரு." குரல் உயரவில்லை. பாசாரில் மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார். "மன்னிச்சிட்டேன்னு சொல்றதுக்கு நான் வரல தம்பி. இன்னும் மன்னிக்கல. உங்க பிள்ளைக்கு இப்படின்னு கேள்விப்பட்டதும், நீங்க எங்கயாச்சும் எழுந்து போயிடுவீங்கன்னு பட்டுச்சு. அதான் கொமுட்டர் ரயில் ஏறி வந்தேன்."

லிப்ட் கதவு தானாக மூடிக்கொண்டது. சுகுமாறன் திரும்பி வந்து பியூலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்து பாஸ்டரும் மற்றவர்களும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார்கள். சீதாலெட்சுமி எதிர் வரிசையில் அமர்ந்துகொண்டார்.

பதினொன்றரைக்கு ஒரு சிப்பந்தி சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். ரத்தம். கால் மணி கழித்து இன்னொரு பெட்டி. மூன்றாவது பெட்டியை இரண்டு பேர் கொண்டுபோனார்கள். இந்த முறை ஓட்டம்தான். சுகுமாறன் கையில் இருந்த தண்ணீர் போத்தலைக் கீழே வைத்துவிட்டார். அதைப் பார்க்க முடியவில்லை.

ஒன்று பத்துக்கு மிஸி வெளியே வந்து, "அபிகாயில் அம்மா அப்பா" என்றார். பின்னாலேயே டாக்டர் நுஸைபா. முகக்கவசத்தின் கயிறு கன்னத்தில் அழுந்திக் கோடு போட்டிருந்தது.

"கட்டியில பாதிக்கு மேல எடுத்துட்டோம். அதுக்கப்புறம் ரத்தம் நிக்கல. ஒரு நிமிஷத்துக்கு மேல இதயம் நின்னுடுச்சு. நெஞ்ச அழுத்திக் கொடுத்ததுல திரும்பவும் துடிக்குது. இப்ப ரத்தம் வர்ற இடத்துல பஞ்சு வச்சு அழுத்திப் பிடிச்சிருக்காங்க. அது நின்னா தலைய மூடிட்டு வெளியே வந்துடுவோம். மிச்சத்த அப்புறம் பாக்கலாம்."

"நிக்கலன்னா?" என்றாள் பியூலா.

"நான் உள்ள போகணும்க்கா." போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து சுகுமாறனின் போன் அடித்தது. பாஸ்டர். "சபையே ஸ்தோத்திரம் பண்ணிக்கிட்டிருக்கு பிரதர். நல்ல செய்திதானே?"

"இதயம் நின்னு போச்சு பாஸ்டர். இப்ப துடிக்குது. அதுக்கு மேல தெரியல."

"நான் வரேன்" என்றார் பாஸ்டர்.

பியூலா கணவனின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "இப்ப ஜெபம் பண்ணுங்க."

"எனக்கு வரல பியூலா." அவர் குனிந்துகொண்டார். "எனக்கு எதுவும் காட்டல. இன்னைக்கு மட்டும் இல்ல. எப்பவுமே எதுவும் காட்டினதில்ல. அவங்க முகத்தப் பார்த்து, ஆறுதலா இருக்கட்டுமேன்னு நானாத்தான் சொன்னேன்."

எதிர் வரிசையில் இருந்த சீதாலெட்சுமிக்கு அது கேட்டது.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள் பியூலா. "காட்ட வேணாம். கேளுங்க. அது போதும்."

அவர் சிமெண்ட் தரையில் முழங்காலிட்டார். அந்தக் கணீர்க் குரல் எங்கோ போயிருந்தது.

"ஆண்டவரே, ரத்தம் நிக்கணும். எனக்கு வேற எதுவும் கேக்கத் தெரியல. டாக்டர் கை நடுங்காம பாத்துக்குங்க. பத்து நாள் தாமதம் பண்ணது நான். அத அவ மேல வைக்காதீங்க."

பியூலா அவர் தோளில் நெற்றியைச் சாய்த்தாள். "அவ உள்ள தனியா இருக்கா. நீங்க கூட இருங்க. எது ஆனாலும் கூட இருங்க." ஆமென் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு ஒரு மணி நேரம். சிவப்புப் பெட்டி ஒன்று போனது. பிறகு எதுவும் போகவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ரத்தம் நின்றுவிட்டதா, ரத்தம் தேவைப்படாமலே போய்விட்டதா. பியூலாவும் அதையே நினைக்கிறாள் என்பது அவள் பிடி இறுகியதில் தெரிந்தது. பாஸ்டர் வந்தார். ஓரமாக உட்கார்ந்தார். சீதாலெட்சுமி பையைத் திறந்து, சோற்றுப் பொட்டலம் ஒன்றைப் பியூலாவின் மடியில் வைத்தார். அது பிரிக்கப்படாமலே இருந்தது.

இரண்டரைக்குக் கதவு திறந்தது. டாக்டர் நுஸைபா தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். பக்கத்தில் வந்ததும் சொன்னார்: "நின்னுடுச்சு. மூடிட்டோம். அடுத்த ரெண்டு நாளு முக்கியம். வந்து பாருங்க, ஆனா டியூப் எல்லாம் பார்த்துப் பயந்துடாதீங்க."

பியூலா எழுந்து நின்றாள். நின்ற இடத்திலேயே அழுதாள். சுகுமாறன் திரும்பிப் பார்த்தபோது சீதாலெட்சுமி லிப்டுக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

பத்தாம் நாள் இரண்டாவது அறுவை. மீதிக் கட்டியையும் எடுத்தார்கள். இடையில் மூன்று முறை வலிப்பு வந்தது, ஒரு முறை காய்ச்சல். தண்ணீர் வடிய ஒரு மெல்லிய குழாயைத் தோலுக்கடியில் தலையிலிருந்து வயிற்றுக்கு இறக்கினார்கள். ஏழு வாரம் கழித்து அபி வீட்டுக்கு வந்தாள். கட்டி சாதாரணக் கட்டிதான் என்று அறிக்கை வந்தது. இடது கை மட்டும் சுணக்கம். பயிற்சி கொடுத்தால் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார்கள்.

சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டபோது சுகுமாறன் பிள்ளை பிழைத்ததைச் சொன்னார். தாமதித்த பத்து நாளையும் சொன்னார். லோகேஸ்வரனையும் அவன் அம்மாவையும் சொன்னார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. சாட்சி என்றால் ஆண்டவரை உயர்த்திப் பேசவேண்டாமா என்று வெளியே வந்து முணுமுணுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அவர் இப்போதும் போகிறார். பிழைப்பாரா என்று யாராவது கேட்டால், தெரியாது என்கிறார். பலருக்கு முகம் வாடிவிடுகிறது. இருந்தாலும் அவர் உடனே எழுந்து போவதில்லை.

லோகேஸ்வரனின் இரண்டாம் வருடத் திவசம் முடிந்த மறுவாரம், பியூலாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சீதாலெட்சுமி வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவர் வாங்க என்று சொல்லவில்லை. ஒதுங்கி வழிவிட்டார். சுவரில் மாலை போட்ட படம். பள்ளிச் சீருடையில், மீசை அரும்பிய முகம்.

சுகுமாறன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தம்பிய நான் கண்ண மூடுன நிலையிலதான் பாத்திருக்கேன் அக்கா. எப்படிப்பட்ட பையன்?" என்று கேட்டார்.

சீதாலெட்சுமி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். பள்ளிக் காற்பந்துக் குழுவில் அவன் கோல்கீப்பர் என்றார். கையுறையைத் துவைக்கவே விடமாட்டான், அந்த நாற்றத்தோடு கட்டிலில் போட்டுக்கொண்டு படுப்பான் என்றார். சொல்லச் சொல்ல ஒன்றிலிருந்து ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அவர் கலக்கி வைத்திருந்த மைலோ பானம் ஆறிப்போய் ஆடை கட்டியது.

கீழே விட்டிருந்த அபி வலது கையை ஊன்றி, உடம்பை ஒருபக்கமாக இழுத்து இழுத்து, கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமலே சீதாலெட்சுமி எழுந்து, அவள் போகும் வழியில் கிடந்த முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தார்.