பைகளை நடுவில் வையுங்கள்

பலேர்மோ நகரின் வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், நான் மீன் வாங்கிக்கொண்டு நின்ற நேரத்தில், ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் என் மகளின் தோள்பையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடவில்லை. வார் அறும்வரை அவளையும் சேர்த்துக் கல்தெருவில் இழுத்துக்கொண்டு போனார்கள். முழங்கைக் காயம் ஆறிவிட்டது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நான் இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன்.

அதன் பிறகு, இருட்டினால் வெளியே போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாயிற்று. “பொம்பிளைப் பிள்ளையள் வீட்டுக்குள்ளை இருக்கிறதுதான் நல்லது” என்று ஒவ்வொரு மாலையும் சொன்னேன். மன்னாரில் ஆசிரியையாக இருந்த காலத்தில் இதையே சொன்ன தகப்பன்மாரோடு சண்டை பிடித்தவள் நான். பதினேழு வயது மகள் எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. புதுப் பையின் வாரை மணிக்கட்டில் இறுக்கச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், அறைக்கதவைச் சாத்தினாள். அவள் பேசாதிருந்ததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

எங்கள் மேல்மாடியில் ஒரு கொரியப் பெண் இருக்கிறாள். பாட்டுப் படிக்கப் பலேர்மோவுக்கு வந்தவள். அவர்களுடைய அறுவடைப் பண்டிகையான சூசோக் அன்று எங்கள் இருவரையும் பலகாரம் செய்யக் கூப்பிட்டாள். அது முழுநிலா நாள். கட்டடத்தின் மொட்டைமாடியில் எல்லோரும் நிலவு பார்ப்பதாக ஏற்பாடு.

அவர்களின் சொங்பியோனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எள்ளும் சீனியும் வைத்த கொழுக்கட்டைதான். பைன் மரத்தின் ஊசி இலைகளைப் பரப்பி, அதன்மேல் அவிக்கிறார்கள். என் கை பழக்கத்தில் ஓரங்களைப் பல்லுப் பல்லாக நுள்ளி வைத்துவிட்டது.

கொரியப் பெண் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இது கடிக்குமா?” என்று இத்தாலியனில் கேட்டாள். “எங்கள் ஊரில் இதை வடிவாகப் பிடிக்கிறவளுக்கு வடிவான மகள் பிறப்பாளாம்.”

மகள் என் பக்கம் திரும்பினாள். “அம்மா, அப்ப நான் பல்லு மிதந்தெல்லோ பிறந்திருக்கோணும்?”

“உன்னைப் பிடிச்சது வேறை மா.”

“மம்மா மீயா, அதுதான் இப்பிடிப் புளிச்சுப் போனனாக்கும்.”

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பகிடி அது.

மொட்டைமாடிக் கதவின் திறப்பு இரண்டாம் மாடிக்காரரிடம் இருந்தது. கேட்கப் போகுமுன் அவரே படியேறி வந்து வாசலில் நின்றார். “மாடி இன்றைக்குப் பூட்டுத்தான். வெளிநாட்டாரின் கொண்டாட்டத்துக்கு அது இல்லை” என்றார். பிறகு என் மகளைப் பார்த்துவிட்டு, அக்கறையோடு பேசுவதுபோல் குரலைத் தணித்தார். “சிஞ்ஞோரா, இருட்டுகிறது. பெண்பிள்ளைகள் வீட்டுக்குள் இருப்பதுதான் நல்லது. உங்களுக்குத் தெரியாததா?”

அது என் வாக்கியம். மொழிதான் வேறு.

“பரவாயில்லை, சமையலறையிலேயே சாப்பிடலாம்” என்றாள் கொரியப் பெண். மகள் ஏற்கெனவே பையை எடுத்து வாரை மணிக்கட்டில் சுற்றத் தொடங்கியிருந்தாள், கீழே எங்கள் வீட்டுக்குப் போக.

“நிலவும் உங்களுடைய பூட்டுக்குள்தான் இருக்கிறதா?” என்று அந்த மனிதரைக் கேட்டேன். மகளிடம் சொன்னேன்: “பிள்ளை, சப்பாத்தைப் போடு. கடற்கரைக்குப் போறம்.”

“அம்மா, இருட்டுது.”

“ஓம். இருட்டினாத்தானே நிலவு தெரியும்.”

“நீங்கதானே போகக் கூடாது எண்டு…”

“நான்தான் சொன்னனான். இப்ப நான்தான் வா எண்டும் சொல்லுறன்.”

கொழுக்கட்டைப் பாத்திரத்தைச் சூட்டோடு துணியில் சுற்றிக்கொண்டு அந்த மனிதரைத் தாண்டி இறங்கினோம். துறைமுகத்துக்கு அப்பால் கடலோரப் புல்வெளியில் கொரியப் பெண் வழியில் போனில் கூப்பிட்ட வேறு சில கொரிய மாணவிகள் காத்திருந்தார்கள். நாப்போலிக்குப் போகும் கப்பல் விளக்குகளோடு நகர்ந்துகொண்டிருந்தது. நிலவு கடலை விட்டு எழும்பியதும், பெண்கள் கைகோத்து வட்டமாகச் சுற்ற வேண்டும், அதுதான் வழக்கம் என்றாள் எங்கள் கொரியப் பெண்.

“பைகளை நடுவில் வையுங்கள். கை வெறுமையாக இருக்க வேண்டும்.”

மற்றவர்கள் வைத்தார்கள். மகள் அசையவில்லை. நானும் என் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நின்றேன். பிறகு போய் அதைப் புல்லில் போட்டுவிட்டு வந்து அவளிடம் கையை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாரை மெல்லச் சுற்றவிழ்த்தாள். அவளுடைய பை என்னுடையதன்மேல் விழுந்தது.

ஒருத்தி பாட, மற்றவர்கள் எதிர்ப்பாட்டுக் கொடுக்க, வட்டம் சுற்றியது. வேகம் ஏறியபோது, பின்னாலுள்ள வீதியில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. மெதுவானது. யாரோ சீழ்க்கை அடித்தான். மகளின் நகங்கள் என் உள்ளங்கையில் இறங்கின. கொரியப் பெண் குரலை உயர்த்தினாள். ஒரு முழு அரங்கை நிரப்பப் பழக்கிய குரல். அர்த்தம் தெரியாத அந்தச் சொற்களை நான் தொண்டை கிழியத் திருப்பிக் கத்தினேன். மகளும் கத்தினாள்.

“அம்மா, மெதுவா! விழப்போறியள்!”

“நீ விடமாட்டாய், எனக்குத் தெரியும்!”

அவள் சிரித்தபடி இன்னும் வேகமாக இழுத்தாள். ஸ்கூட்டர் எந்தப் பக்கம் போனது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.