முதல்வரை இறக்க நாங்கள் போட்ட கையெழுத்துகள்

தம்பியை இலங்கைக்குத் திருப்பி அனுப்பப் போவதாகக் கடிதம் வந்த அதே கிழமைதான், ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் மாநிலத்தின் முதல்வரைப் பதவியிலிருந்து இறக்க ஒரு குழு கையெழுத்து வாங்கத் தொடங்கியது. அகதி மனு தள்ளுபடியானவர்களின் கடைசி முறையீடுகளை ஒரே உத்தரவில் நிறுத்தியவர் அவர். முதல்வரை நேராக இறக்க இங்கே வழியில்லை. சட்டசபையையே கலைக்கச் சொல்லி மக்கள் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துச் சேர்ந்தாலும் அது நடக்க மாதக்கணக்காகும். தம்பிக்கு இருந்தது ஆறு கிழமை. எல்லாம் தெரிந்துதான் அந்தக் குழுவிடம் படிவம் வாங்க ஓடினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

வெள்ளிக்கிழமை கோயிலில், அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டேன். ஜேர்மன் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும், அவரவர் கையால் எழுத வேண்டும் என்று படிவத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. எங்கள் சனம் அர்ச்சனைச் சீட்டு எழுதிய கையோடு வந்தது. ஒரு அண்ணை தன் மனைவி, மூன்று பிள்ளைகள், கனடாவிலிருக்கும் மைத்துனர் வரை எழுதி, எல்லாருக்கும் தானே கையெழுத்தும் போட்டார். மைத்துனரின் பிறந்த திகதிக் கட்டத்தில் ரோகிணி என்றிருந்தது.

"அண்ணை, அவையவைதான் போடவேணும் எண்டு கிடக்கு."

"சாமியே என்ர எழுத்தை ஏற்கிறார் பிள்ளை, இவங்கள் ஏற்கமாட்டாங்களோ?"

சிரித்தேன். ஆனால் தாள் மளமளவென்று நிரம்புவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பேராசை வந்தது. அடுத்து வந்த அக்காவிடம் நானே சொன்னேன்: "வீட்டில எல்லாரையும் போட்டுவிடுங்கோ அக்கா."

ஐந்தாம் கிழமை, குழுவிலிருந்த ஜேர்மன் பெண் எங்கள் தாள்களோடு வீட்டுக்கே வந்தாள். ஒரே கையால் எழுதிய வரிகள் அத்தனையையும் பதிவு அலுவலகம் வெட்டியிருந்தது. மற்ற ஊர்களிலும் போதியளவு சேரவில்லை, மனு முடிந்தது என்றாள். உன் தாள்கள் செல்லுபடியாகியிருந்தாலும் காணாது என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

தம்பி குசினி மேசையில் தாள்களைப் புரட்டினான். குடியுரிமை இல்லாத அவனையும் அந்த அண்ணை தன் வீட்டாரோடு சேர்த்து எழுதியிருந்தார்.

"அக்கா, என்ர பேரும் கிடக்கு," என்று சிரித்தான். பெயரின் மேல் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. எனக்கு அழுகைதான் வந்தது.

பத்து நாள் கழித்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவனுக்கு டெர்மின், வரச்சொல்லி நேரம் குறித்திருந்தார்கள். "முடிஞ்சதும் வாறன், சோறு வையுங்கோ," என்று போனான். அங்கிருந்தே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சோறு மூடியபடி கிடந்தது.

அடுத்த வெள்ளி கோயிலில் சீட்டு எழுதினேன். என் பெயர், கணவர், மகள், கடைசியில் தம்பியின் பெயரும் நட்சத்திரமும். எல்லாம் என் கையால்தான். ஐயர் நான்கு பெயரையும் வாசித்தார், ஒன்றையும் வெட்டவில்லை.