கறுவா நிறத்துப் பெண்ணும் பறக்கிற முதலையும்

சுனாமிக்குப் பிறகு எங்கள் முகாமுக்கு வந்த பெட்டிகளில் பெரும்பாலும் பனிக்கால உடுப்புகள்தான் இருந்தன. கல்லாற்றில் வெயில் ஏறினால் பள்ளிக்கூட விறாந்தையில் கால் வைக்க முடியாது. அங்கே தங்கியிருந்த எங்களுக்கு முழங்கால்வரை தொங்கும் கம்பளிச் சட்டைகள். ஆனாலும் பெட்டி பிரிந்ததும் எல்லோரும் கம்பளிக்குத்தான் பாய்ந்தார்கள். விரித்துப் படுக்கலாம் அல்லவா? நான் போய்ச் சேர்ந்தபோது அடியில் மிஞ்சிக் கிடந்தது ஒரு தடித்த இங்கிலீசுப் புத்தகம்.

அட்டையில் பொன்னிறத் தலைமயிரோடு ஒரு பெண், கையில் வாள். அவளுக்குப் பின்னால் சிறகு முளைத்த பெரிய முதலை ஒன்று வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்கு டிராகன் என்று பெயர் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் வாவிக்கரையில் பிறந்தவளுக்கு வாயும் வாலும் அப்படி இருந்தால் அது முதலைதான். புத்தகத்தின் முதுகில் ‘இரண்டாம் பாகம்’ என்று போட்டிருந்தது. முதலாவதும் மூன்றாவதும் வேறு எந்த நாட்டு முகாமுக்குப் போயினவோ தெரியாது.

எனக்கு அப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு கடல் வந்தது. எங்கள் வீடு போனது. என் மாமி போனாள். அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

முகாமிலிருந்து வாவியைக் கடந்து மண்டூரில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். கடலிலிருந்து தப்பிய நிம்மதி அங்கே கொஞ்ச நாள்தான் நீடித்தது. அது இயக்கங்கள் சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிற காலம். ரியூசனுக்குப் போன பிள்ளை வீடு திரும்பாது. திருவிழாவுக்குப் போன பிள்ளை திரும்பாது. பதினாறு வயதுப் பெண்ணை வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வழிதான் தெரிந்தது. ஒன்று அவசரக் கல்யாணம், கட்டியவர்களைப் பெரும்பாலும் பிடிக்கமாட்டார்கள். மற்றது ஒளித்து வைப்பது. பெரியம்மா கல்யாணப் பக்கம் நின்றார். மாப்பிள்ளைகூடப் பார்த்துவிட்டார், அவனுக்கு வயது பதினெட்டு, பிடிபடாமல் இருக்க அவனுக்கும் அவசரமாக ஒரு பெண் தேவைப்பட்டிருந்தது.

அப்பா தச்சர். காத்தான்குடியில் ஒரு துணிக்கடைக்கு அலுமாரி அடித்துக் கொடுத்ததிலிருந்து அந்த முதலாளியோடு நல்ல பழக்கம். அது முஸ்லிம் ஊர், பிள்ளை பிடிக்கிறவர்கள் அங்கே வருவதில்லை. ஒரு நாள் விடிந்ததும் அப்பா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். முதலாளி விபரம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, சாப்பாட்டுக்கு ஒரு ஆள் கூட என்று மட்டும் குரல் கொடுத்தார்.

அந்த வீட்டில் மூன்று பேர். முதலாளி, அவருடைய மனைவி, என்னைவிட ஒரு வயது மூத்த மகள். முதலாளியை மாமா என்று கூப்பிட்டேன். அப்படியென்றால் அவர் மனைவியை மாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தச் சொல் அப்போது என் வாயில் வரவில்லை. அவள் மகள் கூப்பிட்டதுபோல நானும் உம்மா என்று கூப்பிட்டேன். உம்மா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்கம்பக்கத்தாருக்கு நான் ஓட்டமாவடியிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண். தலையில் முக்காடு போட்டுவிட்டார்கள். ஓட்டமாவடியை பஸ் ஜன்னலால் ஒருமுறை பார்த்ததோடு சரி. அடுத்த வீட்டுக்காரி வந்து, அங்கே யாருடைய மகள், எந்தப் பள்ளிவாசல் பக்கம் என்று கேட்டால், உம்மா உடனே, கடல் வந்த பயத்தில் பிள்ளைக்குப் பேச்சு சரியாக வருவதில்லை என்று சொல்லிவிடுவாள். எந்நேரமும் பேசுகிற எனக்கு அது பெரிய தண்டனை.

வெளியே போக முடியாத வீட்டில் என் உடுப்புப் பையிலிருந்து புத்தகம் வெளியே வந்தது. மகளிடம் அகராதி இருந்தது. இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு அரை நாள் என்று வாசித்தோம். பாலைவன நாட்டு ஆட்டுக்காரப் பெண் ஒருத்தி, மலை உச்சியில் ஒரு போர்ப் பள்ளிக்கூடம், எதிரி நாட்டு இளவரசன் ஒருவன், பேசும் முதலை. இவ்வளவும் பிடிபட ஒரு கிழமை ஆனது.

கதாநாயகியின் தோல் கறுவா நிறம் என்று எழுதியிருந்ததுதான் எங்களை முதலில் நிறுத்தியது. அகராதியை இரண்டு தரம் பார்த்தோம். கறுவாதான். மகள் குசினிக்குப் போய் ஒரு பட்டை கறுவா எடுத்து வந்தாள். என் கையோடு வைத்துப் பார்த்தோம், அவள் கையோடு வைத்துப் பார்த்தோம். எனக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது. இங்கிலீசுக் கதையில் என் நிறத்தில் ஒருத்தி வாளோடு நிற்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. சந்தோசத்தில் கறுவாவை மூக்கில் வைத்து மணந்துகொண்டே இருந்தேன். உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, கறிக்குப் போடுகிற சாமானில் என்ன விளையாட்டு என்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

அப்படியென்றால் அட்டையில் நிற்கும் பொன்னிறத் தலைமயிர்க்காரி யார்? கதாநாயகியின் எதிரியாக இருக்கும் என்று நினைத்து அவள் வருவாள் வருவாள் என்று நூறு பக்கம் காத்திருந்தோம். வரவில்லை. படம் போட்டவன் கதையை வாசிக்கவில்லை என்று கடைசியில் முடிவு கட்டினோம். மகள் பால் விடாத பிளேன்ரீயில் துணியை நனைத்து அவள் முகத்தில் தேய்த்துப் பார்த்தாள். அட்டை பளபளப்பு, சாயம் ஏறவில்லை. பிறகு பேனாவால் தீட்டினோம். தலைமயிரையும் கறுப்பாக்கினோம். பார்க்க நெருப்பில் அகப்பட்டவள்போல ஆகிவிட்டாள்.

இளவரசன் விசயம் இன்னும் மோசம். அவன் நிறம் ‘ஒலிவ்’ என்று இருந்தது. நாங்கள் இருவரும் ஒலிவ் பழத்தைக் கண்ணால் கண்டதில்லை. உம்மாவைக் கேட்டோம். அது ஸைத்தூன் என்று சொல்லி, மக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் காட்டினாள். போத்தலில் பழத்தின் படம் இருந்தது. பச்சை. நல்ல இலைப் பச்சை. முதலை பேசுகிற நாட்டில் இளவரசன் பச்சையாக இருப்பதில் எங்களுக்கு ஒரு ஆச்சரியமும் வரவில்லை. மகள் அந்தப் பச்சை இளவரசனிடம் மனதைப் பறிகொடுத்தாள். அவனை யாராவது குறை சொன்னால் அன்றைக்கு என்னோடு பேசமாட்டாள்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்தால், உம்மா தையல் மெசினில் உட்காருவாள். கடைக்குக் குழந்தைச் சட்டைகள் தைப்பது அவள் வேலை. நாங்கள் இருவரும் குசுகுசுப்பதைக் கண்டு, அதில் அப்படி என்ன இருக்கிறது, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். அன்றிலிருந்து நான் தமிழில் சொல்ல, மகள் திருத்த, உம்மா தைத்துக்கொண்டே கேட்பாள். இளவரசன் கதாநாயகியை முத்தமிடும் இடங்கள் இருந்தன. மகள் என் காலை நுள்ளுவாள். நான், ‘அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்’ என்று சொல்லிவிடுவேன். அந்தப் புத்தகத்தில் அவன் நிறையவே சிரித்தான்.

ஒரு நாள் உம்மா மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “இந்தப் பொடியன் ஏன் புள்ள எந்நேரமும் சிரிச்சிக்கிட்டே இரிக்கான்? மண்டையில ஏதும் பழுதா?”

பச்சை நிறத்தைப் பற்றி அவளுக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. நல்ல குடும்பமா என்று மட்டும் விசாரித்தாள்.

மாமா பகல் சாப்பாட்டுக்கு வந்து உடனே கடைக்குப் போய்விடுகிறவர். கதை தொடங்கியபின் செருப்பைத் தேட அவருக்கு நெடுநேரம் எடுத்தது. தேடிக்கொண்டே, காது எங்கள் பக்கம். அவருக்கு முதலையில் மட்டும்தான் அக்கறை. அதற்குக் காயம்பட்ட அத்தியாயத்தன்று பின்னேரம் கடையிலிருந்து ஆள் அனுப்பி, அது உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்தார். கடைப் பையன் எந்த முதலையைக் கேட்கிறார் என்று விளங்காமல் வாசலில் விழித்துக்கொண்டு நின்றான்.

புத்தகத்தின் நடுவில், முதல் பாகத்தில் நடந்ததைக் கதாநாயகி நினைத்துப் பார்க்கிற அத்தியாயம் ஒன்று வரும். போர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று பெரியவர்கள் அவள் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். அவள்தான் தெரிவு செய்யப்பட்டவள், அவள் வந்தால்தான் நாடு பிழைக்கும் என்கிறார்கள். அவள் நெஞ்சு பெருமையில் விம்முகிறது. அதை நான் சொல்லிக்கொண்டு போகப்போக என் குரல் இறங்கியது. மெசின் நின்றது.

“இவக்கு எத்தின வயசு?”

“பதினாறு.”

“உம்மா எங்க?”

“வாசல்ல நிண்டு கையசைக்கிறா.”

“கையசைக்கிறாவா?”

உம்மா எழும்பி வந்து புத்தகத்தைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. அந்த எழுத்துகளை, கடையில் வந்த துணியில் ஓட்டை தேடுவதுபோலப் பார்த்தாள்.

“இதப் படிக்காத புள்ள. வேற மாதிரிச் சொல்லு. அவட உம்மா அவள ஒளிச்சி வெச்சிட்டா எண்டு சொல்லு.”

அப்படியே சொன்னேன். தாய் அவளை நெல்லுப் பட்டறைக்குள் ஒளித்து வைத்தாள். வந்தவர்கள் தேடிவிட்டுப் போனார்கள். அவள் பக்கத்து ஊரில் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தையல் பழகினாள். உம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் எங்களுக்குச் சிக்கல். கதாநாயகி தையல் பழகிக்கொண்டிருக்கும்போது மலையில் யார் சண்டை பிடிப்பது? அதிலிருந்து இரண்டு கதைகள் நடந்தன. காலையில் மகளும் நானும் புத்தகத்தை வாசிப்போம். பகலில் உம்மாவுக்கு அதையே வெட்டித் தைத்துச் சொல்வோம். வாள்வீச்சு எல்லாம் கத்தரிக்கோல் வேலையானது. இளவரசன் படையெடுத்து வரவில்லை, பெரியவர்களோடு முறையாகப் பெண் கேட்டு வந்தான். கொடுங்கோல் அரசனை என்ன செய்வது என்று நாங்கள் முழித்தபோது உம்மாவே தீர்த்து வைத்தாள். அவனுக்கு வயது போய்விட்டதுதானே, தானாகப் போவான் என்றாள்.

நான் அந்த வீட்டில் இரண்டரை வருடத்துக்குக் கிட்ட இருந்தேன். உயர்தரப் பரீட்சைக்கும் அந்த வீட்டுக்குள் இருந்தே படித்தேன். பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் கிடைத்தது. கிழக்கில் சண்டை ஓய்ந்து, பிறகு வடக்கிலும் எல்லாம் முடிந்தது என்று வானொலி சொன்ன நாளில் நான் வளாக விடுதியில் இருந்தேன். அன்று விடுதியில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. சிலருக்கு வன்னியில் சொந்தக்காரர் இருந்தார்கள்.

சோதனைச் சாவடிகள் குறைந்த பிறகு கொழும்புக்குப் போனபோது நடைபாதைப் புத்தகக் கடையொன்றில் மூன்றாம் பாகம் அகப்பட்டது. இந்த முறை அட்டையில் நின்றவள் உண்மையாகவே கறுவா நிறம். வாங்கிக்கொண்டு நேரே காத்தான்குடிக்குப் போனேன். மகள் கல்யாணம் கட்டிக் கட்டாருக்குப் போயிருந்தாள். பச்சை நிறத்தில் இல்லாவிட்டாலும் நல்ல மாப்பிள்ளை. மாமா செருப்புத் தேடுவதை விட்டுவிட்டு வெளிப்படையாகக் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

வழக்கம்போல மாற்றிச் சொல்லவா என்று உம்மாவைக் கேட்டேன்.

“வேணாம். இனி உள்ளதச் சொல்லு,” என்றாள்.

உள்ளதைச் சொன்னேன். போர் முடிந்து கதாநாயகி ஊருக்குத் திரும்புகிறாள். தாய் அதே வாசலில் நின்று கையசைக்கிறாள். ஊரே பூத்தூவுகிறது.

“அவளோட போன மத்தப் புள்ளைகள் எத்தின பேர் வந்த?” என்று உம்மா கேட்டாள். பக்கங்களைத் திரும்பவும் புரட்டினேன். அதை எழுதியிருக்கவில்லை. உம்மா கொஞ்ச நேரம் நூலைக் கோத்துக்கொண்டிருந்துவிட்டு, சரி, மேலே படி என்றாள். அடுத்த பக்கத்தில் இளவரசன் கதாநாயகியை முத்தமிட்டான். நானும் முத்தமிட்டான் என்றே சொன்னேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். உம்மா அசையவில்லை.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றாள். “சும்மா சிரிக்கிறவன இவ்வளவு பக்கத்துக்கு எழுதுவாங்களா?”

அதற்கடுத்த வருடம் செங்கலடியில் பெரியவர்களுக்கான இங்கிலீசு வகுப்பொன்று எடுக்கத் தொடங்கினேன். அதில் என் வயதுப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். தலைமயிர் அப்போதுதான் கழுத்துவரை வளர்ந்திருந்தது. அவள் இயக்கத்திலிருந்து திரும்பி வந்தவள் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் பக்கத்துக் கதிரைகள் காலியாகவே கிடந்தன. வாசிக்க ஏதாவது தரும்படி ஒரு நாள் கேட்டாள். என் பையில் இரண்டாம் பாகம் மட்டும்தான் இருந்தது. கொடுக்கலாமா கூடாதா என்று தடுமாறிக் கொடுத்துவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

சில கிழமைகள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். எப்படியிருந்தது என்று பயத்தோடு கேட்டேன். சொல்ல வாயெடுத்தவள் சிரிக்கத் தொடங்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வகுப்பில் அவள் சிரித்து யாரும் கண்டதில்லை.

“மிஸ், இவ மலை ஏறுறா, ஆறு கடக்கிறா, மாசக்கணக்கில சண்டை பிடிக்கிறா. ஒரு இடத்திலயும் காலில புண் வரல்லயே. தலையில பேன்கூட வரல்ல.”

நான் அந்தப் புத்தகத்தை எத்தனையோ தரம் வாசித்தவள். கதாநாயகிக்குப் பேன் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவள், அந்த மலைப் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவளை மட்டும் தனக்குப் பிடித்தது என்றாள். அந்தச் சமையல்காரி முழுப் புத்தகத்திலும் இரண்டு பக்கம்தான் வருவாள். கூழில் உப்புக் காணாது என்று பிள்ளைகள் முறையிட, அகப்பையை ஓங்குவாள். எனக்கு அவள் ஞாபகமே இல்லை.

“நானும் அங்க சமைச்சநான்,” என்றாள்.

அடுத்த கிழமை வகுப்புக்கு ஒரு சட்டியைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். வாவி இறால், முருங்கைக்காய் போட்டு வைத்த குழம்பு. கூடவே ஒரு பார்சல் பிட்டும் வாழையிலைத் துண்டுகளும். இறந்தகாலம் படிப்பிக்க வேண்டிய நாள் அது. சட்டியைத் திறந்ததும் மணம் அறை முழுக்க நிறைந்தது. பின்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கதிரைகளை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். உப்பு சரியா என்று அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். கொஞ்சம் கூட என்று சொன்ன ஒருவரை முறைத்துப் பார்த்துவிட்டு, அவருடைய இலையில் இன்னும் இரண்டு இறாலைப் போட்டாள்.