தோணியில் மண் வாளி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் படம் வரைகிறேன். எல்லாமே பழைய படத்தைப் பார்த்து வரைவதுதான். சொந்தமாக ஒரு படமாவது அச்சேறாதா என்று ஆசை. சொன்னால் இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று வாயே திறந்ததில்லை.

போன வருஷம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு மனைவியோடு கடற்கரைக்குப் போனேன். வெங்காய மூட்டை ஏற்றிய மரத்தோணி ஒன்று, கண்மாயில் இறங்கிய எருமை மாதிரி அமுங்கி அமுங்கிப் போய்க்கொண்டிருந்தது. மேல்தட்டில் ஒருவர் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார். முழுக்க முழுக்க மரம், அதன்மேல் நெருப்பு! “தீப்பிடிச்சிராதா?” என்று மனைவியின் கையைப் பிடித்தேன்.

“அவுகளே பயப்படல. கரையில நிக்கிற உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்றாள் மனைவி.

ஊர் திரும்பியும் அந்தத் தோணி கண்ணைவிட்டுப் போகவில்லை. நல்லவேளையாக, தோணி முதலாளி ஒருவர் எங்களிடம் காலண்டர் ஆர்டர் கொடுத்தார். “நான் வரையட்டுமா?” என்று எப்படிக் கேட்டேனோ, கேட்டுவிட்டேன்.

“வரை. தோணி அண்ணாச்சிக்குப் பிடிக்கலைன்னா மறுபடியும் தரைச்சக்கரப் பெட்டிதான் உனக்கு” என்றார் அச்சக முதலாளி.

படத்தைப் பார்க்க அண்ணாச்சியே வந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“தோணி அப்படியே இருக்கு தம்பி. ஓரத்துல என்ன, வரிசையா செவப்பா தொங்குது?”

அப்போதுதான் நானே பார்த்தேன். பட்டாசு ஆலையில் அறைக்கு அறை வாசலில் இருக்குமே, தீயை அணைக்க மண் நிரப்பிய அதே சிவப்பு வாளிகள். கை தானாக வரைந்து வைத்திருக்கிறது.

“மண்ணு வாளி, அண்ணாச்சி. திடீர்னு தீப்பிடிச்சா...”

“சுத்தியும் கடலு கெடக்கு. அணைக்கிறதுக்கு சிவகாசியில இருந்து மண்ணு அள்ளிட்டுப் போகணுமாக்கும்?”

அச்சக முதலாளி என்னை முறைத்தார். தரைச்சக்கரம் என் கண்முன்னே சுற்றியது. “இப்பவே அழிச்சிருதேன்” என்று தூரிகையை எடுத்தேன்.

“அட, அழிச்சிராதீக! மூட்டை மேலயே ஒக்காந்து பீடி குடிக்கானுவ எங்க பயலுக. நான் கத்துனா எவன் கேக்கான்? இந்த வாளியப் பாத்தாவது பயம் வரட்டும். மொத காலண்டர் தோணியிலதான் தொங்கணும்.”

அந்த வாரமே படம் மிஷினில் ஏறியது. என் சொந்தத் தோணி, என் சொந்தக் கடல். அடியில் மட்டும் அண்ணாச்சி சொன்னபடி கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘பீடி குடிக்காதே.’