சிதம்பரத்தில் ஒட்டிய கோடு

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டியில் ஏறும்போதே எனக்குக் கோபம். ஜன்னலோர இருக்கை கிடைத்த பிறகும் அது தணியவில்லை. சென்னையில் நடப்பதாக இருந்த மாநில அணித் தேர்வுப் போட்டியைச் சிதம்பரத்துக்கு மாற்றிவிட்டோம் என்று வியாழக்கிழமை ராத்திரிதான் வாட்ஸப்பில் சொன்னார்கள். ஆண்களுக்குச் சென்னையில் குளிரூட்டிய அரங்கம், பெண்களுக்குக் கல்யாண மண்டபம். பக்கத்து ஊர்தானே, உனக்கு நல்லதுதானே என்றார்கள் வீட்டில். எனக்கு நல்லது செய்யவா மாற்றினார்கள்?

நான் டார்ட்ஸ் ஆடுகிறவள். சுவரில் மாட்டிய வட்டப் பலகையில் கையால் சிற்றம்பு எறியும் ஆட்டம். கல்யாணத்துக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்த்தபோது அங்கிருந்த பலகையில் கற்றுக்கொண்டேன். இரண்டு வருடமாக இதுவே தொழில். ஊர் ஊராகப் போட்டிக்குப் போவேன். வாரக்கடைசியில் அதே ஹோட்டலில் தங்க வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பேன். தேசியப் போட்டிக்குப் போகும் மாநிலப் பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. இன்றைக்கு ஜெயிப்பவருக்கு அது. எனக்குக் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை நான் விட்டுவந்த பழைய சாயக் கம்பெனிக்குப் போன் போட்டு வேலை கேட்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம்.

வீட்டில் என்றால் நானும் என் வீட்டுக்காரர் ஆரோக்கியராஜும்தான். முதுநகரில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு நடையில் பலகையை மாட்டியபோது தூரம் போதவில்லை. மறுபேச்சில்லாமல் பிரிட்ஜைத் தூக்கிப் படுக்கையறையில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கப் படுக்கையறைக்குப் போகிறோம். நைலான் கயிறு ஒன்றும் முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார். பலகையின் நடுப்புள்ளியிலிருந்து தரைக்கோடு வரை சாய்வாகப் பிடித்தால் உயரமும் தூரமும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். பலகையிலிருந்து கோடு இரண்டு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர். உலகம் முழுக்க அதுதான் அளவு.

டிக்கெட் கிழிக்க வந்த நடத்துனர் என் மடியில் திறந்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"என்னாம்மா இது, ஊசி ஊசியா? ஆஸ்பத்திரி சாமானா?"

"டார்ட்ஸுண்ணே. போட்டிக்குப் போறேன்."

"ஓ, பாருல மாட்டி வச்சிருப்பாங்களே, அதுவா? பொம்பளைங்ககூட ஆடுறாங்களா?"

"ஆடுறோம். சிதம்பரம் ஒண்ணு குடுங்க."

நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போனார். போகிற போக்கில் யாரிடமோ சொல்லிச் சிரித்தார். பெட்டியைப் பட்டென்று மூடினேன்.

முதுநகர் தாண்டி ரசாயனத் தொழிற்பேட்டை வந்ததும் வண்டியில் எல்லோரும் ஜன்னலை இழுத்து மூடினார்கள். செம்மங்குப்பம் நாற்றம் கண்ணாடிக்கெல்லாம் அடங்காது. எனக்கு அது பழகிய நாற்றம். இங்கே ஒரு சாயக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் நாலு வருடம் வேலை பார்த்தேன். ராத்திரி தலைக்குக் குளித்தாலும் தலையணையில் அந்த வாடை இருக்கும். ஒரு போட்டிக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்டபோது என் மேலாளர், "அம்பு வுடுறதுக்கெல்லாம் லீவு குடுத்தா கம்பெனிய யாரு பாக்குறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நீங்களே பாருங்கள் என்று அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மனிதருக்குத்தான் திங்கட்கிழமை போன் போடவேண்டும். வண்டி கம்பெனி வாசலைத் தாண்டும்வரை எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் காற்று மாறிவிடும். பு.முட்லூர் கடந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது நல்ல வெயில். எட்டரை வாக்கில் சிதம்பரம். பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். இந்த ஊர்க் கொத்சை மட்டும் குறை சொல்ல முடியாது. சொல்வதற்குக் காரணம் தேடியும் கிடைக்கவில்லை.

"கெழக்குக் கோபுரமா, தெக்குக் கோபுரமா?" என்றார் ஆட்டோக்காரர்.

"கோயிலுக்கு வரலண்ணே. மேல வீதிக்குப் பின்னால ஒரு கல்யாண மண்டபம்."

"இன்னிக்கு முகூர்த்தம் இல்லையே."

"கல்யாணத்துக்கும் வரல."

வேறு எதற்கு ஒரு பொம்பளை தனியாகச் சிதம்பரம் வருவாள் என்று அவருக்குப் புரியவில்லை. கண்ணாடி வழியாக இரண்டு முறை பார்த்தார். எழுபது ரூபாய் கேட்டார், ஐம்பது கொடுத்தேன்.

மண்டபத்தில் மணமேடைக்கு முன்னால் ஸ்டாண்டு வைத்துப் பலகையை மாட்டியிருந்தார்கள். கோட்டுக்குத் தரையில் சிவப்பு டேப். போனதும் கயிறு பிடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு அது ஏமாற்றம்தான். எட்டுப் பேர் வந்திருந்தோம். இரண்டு ஆட்டம் ஜெயித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இறுதிக்கு வந்துவிட்டேன்.

எதிராளி செல்வராணி. காடாம்புலியூர்க்காரி, வீட்டில் முந்திரி உடைக்கும் தொழில். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்துத் தோல் தடித்திருந்தது. அந்த விரலில் அம்பு வழுக்கவே வழுக்காது.

இரண்டு மணிக்கு இறுதி ஆட்டம் என்றார்கள். சிறப்பு விருந்தினர் வரவேண்டுமாம். நாலு மணிக்கு வந்தார். பொன்னாடை, பூங்கொத்து, ஆளுக்கொரு பேச்சு. என் கை குளிர்ந்து விறைத்துக்கொண்டிருந்தது, மேடையில் ஒருவர் வீர விளையாட்டின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு விருந்தினர் முதல் அம்பை எறிந்து இறுதி ஆட்டத்தைத் தொடங்கி வைப்பார் என்றார்கள். அவர் எறிந்தது பலகைக்கே போய்ச் சேராமல் தரையில் விழுந்தது. உடனே போட்டியை நடத்தும் டார்ட்ஸ் சங்கத்தின் செயலாளர் ஓடிவந்து டேப்பைப் பிய்த்து, முக்கால் மீட்டர் முன்னால் தள்ளி ஒட்டினார். அடுத்த அம்பு பலகையில் குத்தியது. கைதட்டல், போட்டோ. விருந்தினர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். டேப் தள்ளி ஒட்டின இடத்திலேயே இருந்தது.

"சார், கோட்டப் பழைய எடத்துல ஒட்டலியே" என்றேன் செயலாளரிடம்.

"அதனால என்னம்மா? ரெண்டு பேருக்கும் ஒரே கோடுதான. சமமாத்தான இருக்குது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தினம் ஐந்து மணி நேரம், இரண்டு வருடம், என் தோள் அந்த ஒரே தூரத்தை மட்டும் படித்து வைத்திருக்கிறது. முக்கால் மீட்டர் கிட்டே வந்தால் அம்பெல்லாம் மேலே ஏறும். தேசியப் போட்டியிலும் இப்படித்தான் தள்ளி ஒட்டுவார்களா என்று கேட்டேன்.

"விருந்தினர் கெளம்பணும். ஜாஸ்தி பேசாதம்மா."

மேடையில் மைக் சும்மாதான் இருந்தது. ஏறி எடுத்துக்கொண்டேன். "இங்க கோடு தப்பா இருக்குது. அளந்து ஒட்டுற வரைக்கும் நான் ஆட மாட்டேன். ஆடாததுக்கு இதான் காரணம்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்றேன். செயலாளர் முகம் சிவந்து என்னை நோக்கி வந்தார்.

செல்வராணிதான் குறுக்கே வந்தாள். "அவுங்க சொல்றது சரிதான் சார். அக்கா, அந்தக் கயித்த இப்பிடிக் குடு" என்று ஒரு முனையை வாங்கிப் பலகையின் நடுவில் பிடித்தாள். சிறப்பு விருந்தினர் சிரித்துக்கொண்டே, "அளந்து ஒட்டுங்கப்பா, நான் இருக்கேன்" என்றார். அவர்மீதும் கோபப்பட முடியாமல் போனது. டேப் பழைய இடத்துக்குப் போனது. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. நானே குனிந்து பார்த்தேன்.

ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்நூற்றொன்றிலிருந்து எடுத்த புள்ளிகளைக் கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்கவேண்டும். கடைசி அம்பு பலகையின் வெளி விளிம்பில் இருக்கும் ஒல்லியான இரட்டை வளையத்தில் விழவேண்டும். ஆளுக்கு இரண்டு சுற்று ஜெயித்து, ஐந்தாவது சுற்றில் எனக்கு நாற்பது பாக்கி. இரட்டை இருபது. தூக்கத்தில் எழுப்பினாலும் நான் போடும் இடம். ஒரு முறைக்கு மூன்று அம்பு, மூன்றும் கையில்.

முதல் அம்பு கம்பிக்கு வெளியே. இரண்டாவதும் அதன் பக்கத்திலேயே வெளியே. மூன்றாவது உள்ளே இறங்கி வெறும் இருபதில் குத்தியது. கை நடுங்கவில்லை. கோபம்கூட அப்போது இல்லை. விழவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை செல்வராணியுடையது. அவளுக்கு முப்பத்திரண்டு பாக்கி, இரட்டைப் பதினாறு. முதல் அம்பிலேயே முடித்தாள்.

கோப்பையின் உச்சியில் மட்டையோடு ஒரு கிரிக்கெட்காரன் நின்றிருந்தான். டார்ட்ஸ் பொம்மை கடையில் இல்லையாம். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செல்வராணி என்னிடம் வந்தாள்.

"நல்ல வேள நீ சண்ட போட்டக்கா. கிட்ட நின்னா எனக்கு எல்லாம் மேலதான் போவும். அந்தக் கோட்டுல நான் நிச்சயம் தோத்திருப்பேன்."

மனசார நன்றி சொல்லத்தான் சொன்னாள். எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது. கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தேசியப் போட்டில நல்லா ஆடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆறு மணிக் கடலூர் வண்டி. அதே நாற்பது ரூபாய், அதே வெள்ளாறு, ஆனால் இருட்டத் தொடங்கியிருந்தது. யார்மேல் கோபப்படலாம் என்று ஒவ்வொருவராக யோசித்துக்கொண்டே வந்தேன். ஒருவரும் சிக்கவில்லை. செம்மங்குப்பத்தில் ஜன்னல்களை மூடும் சத்தம் கேட்டபோது ஆரோக்கியராஜ் போன் செய்தார்.

"என்னாச்சு?"

"தோத்துட்டேன் மாமா."

"பண்ணிட்டானுங்களா கோளாறு? கோட்ட மாத்தி வச்சானுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், தெருவே நம்பியிருக்கும். ஒரு வாரத்தில் நானும் நம்பியிருப்பேன்.

"மாத்துனாங்க. நான் சண்ட போட்டுச் சரி பண்ணிட்டேன். சரியான கோட்டுல நின்னுதான் தோத்தேன்."

கம்பெனியின் விளக்குகள் ஜன்னலைத் தாண்டிப் போயின. இந்த முறை வாசலைப் பார்த்தேன்.

"அப்ப பிரிட்ஜப் பழைய எடத்துல வச்சிடவா?" என்றார் மெதுவாக.

"காலைல கம்பெனிக்குப் போன் போடுறேன். சொன்னா சொன்னதுதான். பிரிட்ஜு அங்கயே இருக்கட்டும்" என்றேன்.