போயா நாளில் அக்காவுக்கு வைத்த கறி

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரே ஆணியில் இரண்டு கலண்டர் தொங்கும். மேலே கோயிலில் கொடுத்தது, அடியில் பலசரக்குக் கடையில் கொடுத்தது. எனக்கு எழுத்து வாசிக்க வராது. வட்டம் இருந்தால் பௌர்ணமி, அதாவது போயா, இறைச்சிக்கடை பூட்டு; சிவப்பாக இருந்தால் லீவு. அவ்வளவுதான் என் படிப்பு. கோயில் கலண்டரில் வட்டம் வியாழக்கிழமையில் இருந்தது. அக்கா வருவது புதன்கிழமை. அதனால் அன்றைக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்லை. இறைச்சியைப் பின்னேரம் புதிதாக வாங்கலாம் என்று, அம்பிட்டிய மலையில் மேகம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு வாசல் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு அரசாங்கமும் பேசி, தேயிலைத் தோட்டத்துச் சனத்தில் பாதியை அங்கே அனுப்பினார்கள், மீதியை இங்கே விட்டார்கள். அக்கா கலியாணம் முடித்த வீடு போகிற பக்கம் விழுந்தது, நாங்கள் இருக்கிற பக்கம் விழுந்தோம். அவள் கோத்தகிரிப் பக்கம் போய் அங்கேயும் கொழுந்துதான் பறித்தாள். அதற்குப் பிறகு இந்த மண்ணை அவள் மிதிக்கவேயில்லை. இப்போது பேரன் பணம் கட்டி, கோயில் பார்க்க வருகிற கூட்டத்தோடு அனுப்பி வைத்திருந்தான். கண்டியில் ஒரே ஒரு பொழுது. ஐந்தரைக்கு வான் வண்டி கொண்டுவந்து விடும், எட்டு மணிக்குத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்ளும். விடிந்தால் விமானம்.

போனில் அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

"கோயிலெல்லாம் முடிஞ்சிருச்சுடா தம்பி. அப்பா வைப்பாருல்ல, சம்பள ஞாயித்துக்கெழம, அந்தக் கறிய வச்சுக் குடு. அது போதும்."

எனக்கு எழுபத்து நான்கு வயது, அவளுக்கு எண்பது. இன்னொரு தடவை என்று ஒன்று கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்பா மாதத்தில் ஒரு நாள்தான் அடுப்பங்கரைக்குள் வருவார், சம்பளம் போட்ட மறு ஞாயிறு. அன்றைக்கு அம்மா கூட அடுப்பைத் தொடக்கூடாது. மல்லி, மிளகாய், பெருஞ்சீரகம் மூன்றையும் தனித்தனியாக வறுப்பார். ஒரு பிடி அரிசியும் தேங்காய்ப்பூவும் கறுப்பாவதற்கு ஒரு நொடி முன்னால் வரைக்கும் வறுபடும். அந்த ஒரு நொடி அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். நான் பக்கத்தில் குந்தியிருந்து அடுப்பை ஊதுவேன். தோட்டத்து லயத்தில் எங்களுக்கிருந்த ஒரே அறையான காம்பராவுக்குள் புகை நீலமாக நிற்கும். ஊதி ஊதி எனக்குத் தலை லேசாகச் சுற்றும். அந்தச் சுற்றலில் அப்பாவின் கை மட்டும் புகைக்குள்ளே தனியாக நீந்துகிற மாதிரித் தெரியும். இப்போதும் யாராவது மல்லி வறுத்தால் எனக்கு அந்தக் கைதான் வருகிறது. முகம் சரியாக வருவதில்லை.

இறைச்சி ஒரு றாத்தல்தான், அரைக் கிலோ கூட வராது. சாப்பிட அப்பா, அம்மா, அண்ணன் பெரியவன், அக்கா, நான், கூட இருந்த சித்தப்பா என்று ஆறு பேர். வெந்து இறக்குகிற நேரத்தில் அம்மா வந்து அவித்த பலாக்கொட்டையை அள்ளிப் போடுவாள். "சட்டி நெறைய வேணாமா?" என்பாள். எனக்கு அந்தக் கொட்டையைக் கண்டாலே ஆகாது.

இரண்டரை மணிக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாதிப் பேர் வெள்ளை உடுத்தி, கையில் தாமரைப் பூ வைத்திருந்தார்கள். யாரோ பெரிய ஆள் செத்துப்போயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாவியோரமாக பஸ் திரும்பியபோது தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. அந்தப் பக்கக் கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அக்கா கப்பல் ஏறிய கடலும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தேன். நான் துறைமுகம் வரை போகவில்லை, கண்டி ஸ்டேஷனோடு என்னை நிறுத்திவிட்டார்கள். ரயில் ஜன்னலில் அவள் கை தெரிந்தது. இப்படி நினைத்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்தேன்.

இறைச்சிக்கடை பூட்டிக் கிடந்தது. வரிசையில் எல்லாக் கதவும் பூட்டு. எங்கள் வழக்கமான கடைக்காரர், முஸ்லிம் நானா, பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னா நானா, கட?"

"எனத்த பெரியவரே கேக்குறீங்க? இண்டைக்கு போயா தானே."

"போயா நாளைக்கு."

"அது ஒங்கட பௌர்ணமி. கவுமேந்து லீவு விட்ட போயா இண்டைக்கு. இப்ப நான் கத்தியத் தொட்டா ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது, எனக்குத்தான் வெட்டு."

"கொஞ்சம் பாருங்க நானா. அம்பத்தஞ்சு வருஷத்துக்குப் பொறகு எங்க அக்கா வருது."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "எங்கட ஆக்கள்ட ஊரு அக்குறணைக்குப் போனாலும் பூட்டுத்தான் பெரியவரே. சோயாமீட் வாங்கிட்டுப் போங்க. ஆண்டவன் நாடினா அதுவும் எறச்சிதான்" என்றார்.

எழுபத்து நான்கு வருஷம் இந்த ஊரில் இருந்தவனுக்கு, போயாவுக்கு விகாரைக்குப் போகிறவர்களின் வெள்ளை உடுப்பும் தாமரையும் சொன்னது விளங்கவில்லை. காகிதத்தில் போட்ட வட்டத்தை நம்பி நின்றேன்.

இரண்டு பெட்டி சோயாமீட்டோடு, இறைச்சி மாதிரி மெல்ல வருகிற காய்ந்த சோயாத் துண்டுகளோடு, வீட்டுக்கு வரும்போது நாலேகால். இறைச்சிக்குப் பதில் பிஞ்சுப் பலாக்காய் என்றால் நானே சமாளித்துவிடுவேன், ஆனால் அது அடுப்பில் அரை நாள் கிடக்க வேண்டும். என் பெண்சாதிக்கு முழங்கால் வலி. கதிரையைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் காலையிலிருந்து மேகத்தப் பாத்தீங்களாக்கும்?"

"கலண்டர்ல வட்டம் நாளைக்குத்தான் இருந்துச்சு."

மருமகள் கோயில் கலண்டரைத் தூக்கி அடியில் இருந்ததைக் காட்டினாள். வட்டமும் சிவப்பும் புதன்கிழமையிலேயே இருந்தன. "என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மாமா" என்றாள்.

"சரி, அழுவாதீங்க. ஒங்க அக்காவுக்குப் பல்லு இருக்கா?" என்றாள் பெண்சாதி.

"கட்டின பல்லு."

"அப்பத் தெரியாது. கொழம்ப ஒழுங்கா வைங்க. ஆட்டுக்கறின்னு சொல்லிப் போடுவோம்."

பொய்தான். ஆனால் வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. சோயாமீட்டைக் கொதிதண்ணீரில் ஊறவைத்து, கை எரிய எரியப் பிழிந்தேன். நன்றாகப் பிழியாவிட்டால் ஒரு வாடை நிற்கும். மல்லி, மிளகாய், பெருஞ்சீரகம் வறுத்தேன். பிறகு அரிசியையும் தேங்காயையும் போட்டேன். அந்த ஒரு நொடி எங்கே வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். புகை கிளம்பி ஜன்னல் வெளிச்சத்தில் நீலமாக நின்றது. அதற்குள்ளே ஒரு கை அசைந்தது. சட்டென்று சட்டியை இறக்கினேன். அசைந்தது என் கைதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அப்பா அம்மியில் அரைக்கச் சொல்வார். நான் கிரைண்டரில் போட்டேன். வெங்காயம், றம்பை இலை, கறுவாப்பட்டை வதங்கி, அரைத்தது கொதித்து எண்ணெய் பிரிய அரை மணிநேரம். பிழிந்து வைத்ததைப் போட்டுப் பிரட்டினேன். பெண்சாதி எட்டிப் பார்த்தாள்.

"சட்டி பாதிதான் இருக்கு. மத்தியானம் அவிச்ச பலாக்கொட்ட கெடக்கு, போடுங்க."

எனக்குப் பிடிக்காததுதான். ஆனாலும் போட்டேன்.

வான் சரியாக ஐந்தரைக்கு வந்தது. மேகம் வாசல் வரைக்கும் இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து அம்மா நடந்து வந்தாள். ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. கிட்டே வந்ததும் அக்கா ஆனாள்.

"என்னடா, கெழவனாயிட்ட!"

"நீ மட்டும் கொமரியாக்கும்."

கட்டிப்பிடித்து அழுவோம் என்று நினைத்திருந்தேன். அவள் மூக்கைத் தூக்கி மோந்துகொண்டு நேரே உள்ளே போய்விட்டாள்.

மருமகள் பரிமாறினாள். அக்கா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். வெளியே தூரத்தில் ஏதோ விகாரையில் பிக்குமார் பன ஓதுகிற சத்தம் மட்டும் மேகத்துக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. அடுத்த வாய். அடுத்த வாய். நான் என் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் வாயைப் பார்த்தேன்.

"இதுதான்டா" என்றாள். "அப்படியே இருக்கு. எத்தன தடவ வச்சுப் பாத்திருப்பேன், வரல."

பெண்சாதி கண்ணால் என்னை அடக்கினாள். எனக்கு முடியவில்லை.

"அக்கா, அது எறச்சி இல்ல. சோயாமீட். இன்னைக்கு போயா, கட பூட்டு. நாள மாத்திப் பாத்துட்டேன்."

அவள் வாயில் இருந்ததை மெதுவாக மென்று விழுங்கினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கட்டின பல் கழன்றுவிடும் போல ஒரு சிரிப்பு.

"எறச்சி போட்டிருந்தா எனக்கு அடையாளமே தெரிஞ்சிருக்காதுடா."

எனக்கு விளங்கவில்லை.

"நான் எங்கடா எறச்சி தின்னேன்? ஒரு றாத்தல். அப்பாவுக்கு, பெரியவனுக்கு, ஒனக்கு, சித்தப்பாவுக்கு. அம்மாவுக்கும் எனக்கும் கொழம்பும் கொட்டையும்தான். அதுக்குத்தான அம்மா கொட்ட போட்டது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலத்தான் சொன்னாள். நான் அந்தக் காம்பராவை நினைத்துப் பார்த்தேன். அடுப்பு தெரிகிறது, புகை தெரிகிறது, அப்பாவின் கை தெரிகிறது. என் தட்டில் இரண்டு துண்டு தெரிகிறது. என் இடது பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருப்பாள், அது நிச்சயம். அவள் தட்டு மட்டும் எவ்வளவு நினைத்தும் தெரியவில்லை. ஒரு தடவை கூட நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை போலிருக்கிறது.

மருமகளிடமிருந்து அகப்பையை வாங்கினேன். அக்காவின் தட்டில் அள்ளி வைத்தேன். துண்டு, குழம்பு, கொட்டை, மறுபடியும் துண்டு.

"போதும்டா, வான்ல போவணும் நானு."

"சாப்புடு."

எனக்கு வெறும் குழம்பும் நாலு கொட்டையும் போட்டுக்கொண்டேன். கொட்டையைக் கடித்தேன். மாவாக உடைந்தது, உள்ளே வரைக்கும் குழம்பு இறங்கியிருந்தது. எழுபத்து நான்கு வயதில்தான் அதன் ருசி எனக்குத் தெரிந்தது.

அக்கா பெண்சாதியோடு முழங்கால் வலிக்கு எண்ணெய் காய்ச்சுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு பேச்சாக இருக்க, அவள் கை அதுபாட்டுக்குத் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தது. அவள் அதைக் கவனிக்கவேயில்லை.

நான் அதை எடுத்துத் திரும்ப அவள் தட்டில் வைத்தேன்.

"எச்சிடா" என்றாள்.

என்றாலும் எடுத்துத் தின்றாள்.