கோம்பையிலிருந்து தேனிக்கு, ஓர் ஊசிக்காக

ஆரம்ப சுகாதார நிலையத்தின் குழாயடியில் என் மூன்று வயது மகனின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கோம்பையில் கொழுந்தனார் வீட்டு நாய் அவனைக் கடித்து ஒரு மணி நேரம் ஆகிறது. கடிவாயில் என் மாமியார் அப்பிய சுண்ணாம்பை நர்ஸ் சோப்புப் போட்டுக் கழுவுகிறார்.

"யாரு ஆத்தா இதை அப்புனது?"

மாமியார் வாசலில் நிற்கிறார். "நான்தான்" என்கிறேன். கூடாது என்று தெரிந்தும் அப்போது வாயைத் திறக்காதவள் நான்தானே.

"படிச்ச பிள்ளை மாதிரி இருக்க. நாய் எங்கன?"

"கடிச்சதும் ஓடிருச்சு. இன்னும் திரும்பல."

"சீட்டுல லண்டன்னு போட்டிருக்கு. அங்கன இருந்து வர்றவுக முன்னாடியே நாய்க்கடிக்கு ஊசி போட்டுட்டு வருவாகளே?"

"இவனுக்குப் போடல."

நர்ஸ் நிமிர்ந்து பார்க்கிறார். பிறகு குரலைத் தணித்துக்கொள்கிறார்.

"தடுப்பூசி இங்கனயே போட்டுடுறேன். காயத்தைச் சுத்திப் போடுற மருந்து தேனியிலதான் இருக்கு. நிக்காத, இப்பவே கூட்டிட்டுப் போத்தா."

வாடகைக் கார் சின்னமனூரைத் தாண்டுகிறது. "அம்மா, நாய்க்கும் ஊசி போடுவாங்களா?" என்று கேட்டபடியே மகன் மடியில் தூங்கிப்போகிறான். தேனி டாக்டர் கேட்பாரே என்று பயணக் கோப்பைத் திறக்கிறேன். அவனுடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட், விசா, காப்பீடு என எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு நகல்கள். கடைசியில், கிளம்பும் முன் லண்டனில் தடுப்பூசி மையத்தில் நிரப்பிய படிவம். ரேபிஸ் ஊசிக்கு எதிரே 'வேண்டாம்' என்று குறித்திருக்கிறேன். காரணம் கேட்டிருந்த கட்டத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன்: "சுற்றுலா இல்லை. சொந்த வீட்டுக்குத்தான் போகிறோம்."